முட்டுக்கு அடியில் ஒரு பலகை

இன்று காலை பேரணாம்பட்டு சாலை டேனரியில் கிரேன் லாரியை நிறுத்தி, நீ கொடுத்த புளியம் பலகையை இறக்கினேன். தோல் பதனிட ஊறவைக்கும் ஆவாரம் பட்டையின் வாடை அதில் ஏறிக் கிடக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. அது மூக்கில் பட்டதும், நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டதே மறந்துபோனது.

லாரி முதுகில் ஓர் இரும்புக் கை. கைப்பிடியைச் சுற்றினால் கம்பிக் கயிறு உருளையில் சுருண்டு, கொக்கியில் மாட்டிய பாரத்தைத் தூக்கும். கை பக்கவாட்டில் நீள நீளப் பாரம் வண்டியையே சாய்க்கப் பார்க்கும். இருபுறமும் தரையில் ஊன்றும் முட்டுகள்தான் காப்பு. "பலம் கைல இல்லடா, கால்ல கீது" என்பாய்.

அன்று ஆம்பூரில் ஒரு டேனரியில் பாய்லர் இறக்கினோம். சேறு தெரியாமலிருக்க முற்றமெங்கும் சாறு போன பட்டையைக் கொட்டி மிதித்து வைத்திருந்தார்கள். நாம் பிறந்து நடை பழகியதே அந்த மாதிரித் தரையில்தான். வெளியூர்க்காரனாக இருந்தால் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்திருப்பான்.

"முட்டுக்குக் கீழ பலகை போடலாம்டா" என்றாய்.

"தினம் மாட்டு வண்டி போற தரை. ஒண்ணும் ஆவாது, பேஜார் பண்ணாத" என்றேன். என் திமிர்.

நான் கைப்பிடியில். பாய்லர் ஆடாமலிருக்க அதில் கட்டிய கயிறு உன் கையில். இரும்புக் கை பக்கவாட்டில் திரும்பியதும் முட்டு பட்டையைப் பிளந்துகொண்டு இறங்கியது. கயிற்றை விட்டிருந்தால் நீ ஓடியிருக்கலாம். பாய்லர் என் மேல் வந்திருக்கும். நீ விடவில்லை. உன் வலது கால் நசுங்கியது.

ஆஸ்பத்திரியில் நம் முதலாளி துரை வந்து கேட்டபோது, "பலகை வேணாம்னது நான்தாங்க" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. அவர் போனதும் என்னிடம், "எனக்குக் கால்தான் போச்சு. உனக்கு மூணு புள்ளைங்க, சோறும் போவணுமா?" என்றாய். உன் வேலை போனது; என் வேலை தப்பியது. ஆறு மாதம் கழித்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, "இத வண்டிலியே வச்சிக்க" என்று இந்தப் பலகையைக் கொடுத்தாய். அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்று மேஸ்திரி அவசரப்படுத்தினார். "தினம் வண்டி போற தரை. பலகை இன்னாத்துக்கு?" அது என் வார்த்தை.

"ஆம்பூர்ல அன்னிக்கு இத சொன்னவன் நான்தான். அவன் பலகை கேட்டான், நான் வேணாம்னேன்" என்றேன், எல்லார் முன்னாலும். மேஸ்திரி அவரே பலகையை இழுத்துப் போட்டார். பாரத்தை ஒரு சாண் தூக்கி நிறுத்தி, குனிந்து முட்டின் அடியைப் பார்த்தேன். இறங்கவில்லை.

உன் அஜாக்கிரதையால்தான் கால் போனதென்று உன் வீட்டுக்காரி, தங்கச்சி, இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. உன் படத்துக்கு விளக்கேற்றும்போதும் அதைச் சொல்லித்தான் உன்னைத் திட்டுகிறதாம். இதை எழுதி முடித்ததும் அங்கேதான் போகிறேன். பலகையையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். வெறுங்கையோடு அந்த வாசலில் நிற்க எனக்குத் தைரியமில்லை.