மூன்றாவது கரையில் இரண்டு அறைகள்

ஓகஸ்ட் 10, சனி

பையில் இரண்டு சாரி, தொழுகை விரிப்பு, பிரஷர் மாத்திரை, எழுத இந்தக் கொப்பி. திங்கட்கிழமை தங்கேஸ்வரியோடு மொரகஹகந்த குளத்துக்குப் போகிறேன். படகில் மூன்று நாள். கரை கரையாக இறங்கிப் பார்க்கலாம் என்கிறாள். முப்பது வருடம் மாத்தளையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் கணிதம், அவள் புவியியல். ஒரு நாள்கூட எங்கேயாவது போவோமா என்று கேட்டதில்லை. இப்போது என்ன வந்தது அவளுக்கு?

மகன் ஷிஃபான் ஒன்றுதான் கேட்டான். “உம்மா, உங்களுக்கு நீந்தவும் தெரியாதே.”

மாத்திரையை மேலாக வைத்துப் பையை மூடினேன்.

ஓகஸ்ட் 12, திங்கள்

நாவுல வரை பஸ், அங்கிருந்து குளத்தடிக்கு ஓட்டோ. படகு ஜமால்தீனுடையது. என் மதினியின் தம்பி. கரைகளில் மீன் வாங்கி மாத்தளைக்கு அனுப்புகிறவர். அவர் போகிற வழியில் நாங்களும்.

வறட்சியில் தண்ணீர் இறங்கி, மூழ்கிய மரங்களின் நுனிகள் வெளியே நிற்கின்றன. படகு அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து போனது. நான் பலகையை விடவே இல்லை. தங்கேஸ் தண்ணீரில் கையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் கரை சின்ன டவுன். நாலு கடை, புத்தர் சிலையோடு ஒரு பன்சல, பஸ் நிற்கிற இடம். நான் பிளேன்டீ குடித்து முடிக்குமுன் அவளைக் காணோம். ஒரு மணித்தியாலம் கழித்து, சாரி ஓரமெல்லாம் செம்மண்ணோடு வந்தாள்.

“எங்க போன?”

“சும்மா பார்த்தேன்.”

சும்மா பார்க்க ஒரு மணித்தியாலமா?

ஓகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டாவது கரை. ஜமால்தீன் மீன் நிறுத்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னாலேயே போனேன். ஒரு வீட்டு வாசலில் நின்று சிங்களத்தில் விசாரிக்கிறாள் — கிணறு கோடையில் வற்றுமா, மாத்தளை பஸ் எத்தனை மணிக்கு, டிஸ்பென்சரி எவ்வளவு தூரம். பிறகு காலி அறைக்குள் போய் அடி வைத்து அளந்தாள். வீடு வாங்கப் போகிறாளா? மகன் ரஜீவனுக்கா? அவன்தான் கொழும்பில் மாடி வீடு வாங்கி, அம்மாவுக்கும் ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறானே.

கேட்டதற்கு, “வெயில் கடுமை, வா” என்றாள்.

பின்னேரம் தங்குமிடத்தில் திடீரென்று, “நீ குறட்டை விடுவியா?”

இது என்ன கேள்வி? ஷிஃபானின் வாப்பா மௌத்தாகி ஐந்து வருடம். நான் குறட்டை விடுகிறேனா இல்லையா என்று சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள்?

ஏதாவது நோயோ? டொக்டர் ஏதும் சொல்லி, என்னிடம் மறைக்கிறாளோ?

ஓகஸ்ட் 14, புதன்

நோய் இல்லை.

மூன்றாவது கரை. குளம் கட்டியபோது ஊர் மூழ்கி எழும்பியவர்களுக்குக் கொடுத்த வீடுகள், வரிசையாக. கடைசி வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய சாவி இவள் கையில். இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் விறாந்தை, அதற்கு அப்பால் தண்ணீர்.

“இது எனக்கு. அது உனக்கு” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. “எது எனக்கு?”

“அந்த அறை. ரெண்டு வருஷத்துக்கு வாடகைக்கு எடுக்கிறேன். நீயும் வா. சேர்ந்து இருப்போம்.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

“பைத்தியமா உனக்கு? வீடு இருக்கு, பிள்ளை இருக்கு. ஊர் என்ன சொல்லும்? நமக்கு என்ன குறை வச்சாங்க?”

“ஒரு குறையும் வைக்கல. ரஜீவன் என் அறைக்குத் திரைச்சீலைகூட வாங்கிட்டான். நீலம். எனக்கு நீலம் பிடிக்குமான்னு கேட்கல.” குளத்தின் பக்கம் திரும்பினாள். “அறுபத்திரெண்டு வயசாச்சு மஸூதா. ஒரு தடவையாவது நானா ஒரு இடம் பார்த்து இருக்க வேணாமா?”

“அதுக்கு நான் எதுக்கு?”

அவள் முகம் — எழுத முடியவில்லை.

திரும்பும் வழியில், “டீச்சர்மார் ரெண்டு பேரும் ஏன் பேசாம வாறீங்க?” என்று ஜமால்தீன் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் “வெயில்” என்றோம்.

ஓகஸ்ட் 15, வியாழன்

வீடு வந்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. சிரித்தேன், கேள்வி கேட்டேன், ஏசினேன். முடியாது என்று மட்டும் சொல்லவே இல்லை. ஏன்?

செப்டெம்பர் 1, ஞாயிறு

அவள் போய்விட்டாள். சாமான் ஏற்ற வருகிறாயா என்று கேட்டிருந்தாள். டியூஷன் வகுப்பு இருக்கிறது என்றேன். ஞாயிறு எனக்கு வகுப்பு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

செப்டெம்பர் 19, வியாழன்

ஜமால்தீன் திலாப்பியா கொண்டுவந்தார். “தங்கேஸ்வரி டீச்சர் சைக்கிள் ஓடப் பழகுறாங்க. ரெண்டு தடவை விழுந்தாங்க. இப்ப கடை வரைக்கும் போறாங்க.”

மீன் வெட்டும்போது அழுகை வந்தது. கோபமா, பொறாமையா? அவள் விழுந்ததற்கா, ஓடியதற்கா? எனக்கே தெரியல. என்னதான் வேணும் எனக்கு?

செப்டெம்பர் 29, ஞாயிறு

ஷிஃபானும் மருமகள் நிஷ்மியாவும் என் அறையோடு சேர்த்துப் புது பாத்ரூம் கட்டி முடித்துவிட்டார்கள். சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி.

“நீங்க விழாம இருக்கத்தான் மாமி” என்றாள் நிஷ்மியா.

அவர்களுக்காகத் துஆ செய்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. நான் இன்னும் ஒருமுறைகூட விழவில்லையே.

இவர்களிடம் எதைச் சொல்லிக்கொண்டு போவது? ஒரு குறை இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 5, சனி

சொல்லிவிட்டேன். நாலு நாள் தங்கேஸ்வரியிடம் போய்வருகிறேன் என்று.

ஷிஃபான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். “நாங்க ஏதும் பிழையா செஞ்சிட்டோமா உம்மா?”

“இல்ல மகன். ஒண்ணும் இல்ல.”

உண்மைதான் சொன்னேன். அவன் நம்பவில்லை.

ஒக்டோபர் 7, திங்கள்

கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறுத்திருக்கிறாள். என்ன சொல்லப் போகிறாளோ?

“உன் அறை கூட்டி வச்சிருக்கு.”

“எப்ப கூட்டின?”

“வந்த அன்னைக்கே.”

ஒக்டோபர் 23, புதன்

காலையிலிருந்து மழை. குசினியில் ஓரிடம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். தங்கேஸ் விடியுமுன் ரேடியோவைச் சத்தமாகப் போடுகிறாள். நேற்று முழுக்க அதற்குச் சண்டை, இன்று சத்தம் பாதியாகிவிட்டது. பின்னேரத்தில் ஐந்து பிள்ளைகள் கணக்குப் படிக்க விறாந்தைக்கு வருகிறார்கள். பின்னங்களைச் சிங்களத்தில் விளக்க என் நாக்குத் தடுமாறுகிறது. பிழை விட்டால் அவர்களே திருத்துகிறார்கள்.

மத்தியானம் ஷிஃபான் போன் எடுத்தான்.

“எப்ப வாறீங்க உம்மா?”

“அடுத்த கிழமை.”

போன கிழமையும் இதையே சொல்லியிருந்தேன்.  அந்தப் பக்கம் அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“உங்க கணக்குப் புத்தகங்கள் எல்லாம் இங்க அலுமாரியில இருக்கே” என்றான். “ஜமால்தீன் மாமாக்கிட்டக் குடுத்து விடவா?”

“குடுத்து விடு மகன்” என்றேன்.