டட்சனுக்கு விழுந்த சீட்டு

கௌஹயோகி
6 மார்ச் 1994

அன்புள்ள தம்பி ஆர்வோவுக்கு,

நலம். இங்கிலாந்து மழையில் நீயும் துருப்பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய புகைப்படம் வந்தது. பந்தயக் காரைச் சுற்றி முகமூடி போட்ட இருபது பேரில் நீ யார் என்று அரை மணி நேரம் தேடினேன். பிறகு பின்பக்கம் திருப்பினால், "நான் படத்தில் இல்லை, உள்ளே கணினித் திரை முன்னால் இருந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். நல்ல பிழைப்புடா!

நான் ஓட்டுவது தகர டப்பாப் பந்தயம் என்று எழுதியிருந்தாய். ஆமாம், தகர டப்பாதான். காலையில் பால் லாரி ஓட்டி, சாயங்காலம் கொட்டகையில் படுத்துக்கொண்டு, இந்தக் குளிர்காலம் முழுக்க அந்தப் பழைய டட்சன் காரின் என்ஜினை ஒவ்வொரு மறையாகப் பிரித்துச் சேர்த்தேன். இதுபோல் ஒரு வண்டி என் கையில் இதுவரை அமைந்ததில்லை. அதுதான் இப்போது கவலை.

எங்கள் விதி உனக்கு மறந்திருக்கும். பந்தயம் முடிந்ததும் எந்தக் காரையும், பந்தயம் ஓட்டும் உரிமம் உள்ள யாரும், ஒரே மலிவு விலைக்குக் கேட்கலாம். பல பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கல். தரமாட்டேன் என்றால் நம் பந்தய உரிமம் போச்சு. பணக்காரன் பணத்தைக் கொட்டி ஜெயிக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நேற்று பெட்ரோல் பங்க்கில் காபி குடிக்கும்போது எங்களோடு பந்தயம் ஓட்டுகிற மர அறுவை ஆலைக்கார ஹெய்மோ எல்லார் முன்னாலும் சொல்கிறான்: "தைமி, மே மாசம் நீ ஜெயிச்சா உன் டட்சன் எனக்குத்தான். என்ஜின எடுத்துக்கிட்டு மிச்சத்த கோழிக்கூடா வச்சுக்குவேன்."

"கோழி வாங்கிட்டியா, இல்ல நான் ஜெயிச்சப்புறம்தான் வாங்குவியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கொட்டகையைப் பூட்டினேன்.

உன் அக்கா,
தைமி


பேன்பரி
19 மார்ச் 1994

அன்புள்ள அக்கா,

கோபிக்காதே, உண்மையைச் சொல்கிறேன். பந்தயம் என்றால் இங்கேதான். ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒரு துண்டுக்காக நாற்பது பேர் ஒரு வாரம் தூங்காமல் இருக்கிறோம். ஒரு லட்சம் பேர் மழையில் நனைந்துகொண்டு பார்க்கிறார்கள். நீங்கள் ஓட்டுகிற அந்த ஜல்லிக் குழியில் மொத்தம் முந்நூறு பேர், அதில் பாதிப் பேர் ஓட்டுகிறவர்களின் மாமன் மச்சான்.

ஹெய்மோவை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்று செய். மே பந்தயத்துக்கு வேறு என்ஜினைப் போட்டு ஓட்டு. இல்லையென்றால் இரண்டாவதாக வா. ஜெயிக்காத காரை எவன் கேட்பான்? உன் வண்டி உன்னிடமே இருக்கும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இங்கே இதற்கு வியூகம் என்று பெயர்.

உன் தம்பி,
ஆர்வோ


கௌஹயோகி
3 ஏப்ரல் 1994

ஆர்வோ,

இந்த முறை 'அன்புள்ள' கிடையாது. வேண்டுமென்றே இரண்டாவதாக வரச் சொல்கிறாயா? எந்த வாயால் சொன்னாய்? உங்கள் வியூகத்தை நீங்களே வறுத்துத் தின்னுங்கள்.

உங்கள் ஒரு லட்சம் பேர் என்ன பார்க்கிறார்கள், சொல். வேலிக்கு அந்தப் பக்கம் 'விர்ர்' என்று ஒரு நிறம் போகும். அடுத்த சுற்று வரும்வரை பெரிய திரையைப் பார்ப்பார்கள். காட்டுப் பாதையில் ஓடுகிற ராலியில் அப்படியா? நாம் இரண்டு பேரும் காட்டுக்குள் பனியில் நாலு மணி நேரம் நின்றோமே, பிளாஸ்க் காபியும் தீயில் வாட்டிய சாசேஜுமாக. பள்ளத்தில் கவிழ்ந்த காரை நாமே தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். ஓட்டுநர் கையை ஆட்டிவிட்டுப் போனதும், அவரே உன்னைத் தத்தெடுத்துக்கொண்ட மாதிரி ஒரு வாரம் துள்ளினாய். ராலி ரசிகனுக்குக் காரைத் தொடக் கிடைக்கிறது. எங்கள் ஜல்லிக் குழியிலோ, வேலி ஓரம் நிற்கிறவன் உரிமம் எடுத்து வைத்திருந்தால், ஜெயித்த காரை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். எந்த ஊர்ப் பந்தயத்தில் உண்டு இது? அந்த முந்நூறு பேரும் அதற்காகத்தான் வருகிறார்கள். பார்க்க மட்டுமில்லை.

அந்த என்ஜினோடுதான் ஓட்டுவேன். ஜெயிப்பேன். கேட்கிறவனுக்குக் கொடுப்பேன். ஹெய்மோவுக்கு விழுந்தால் ஹெய்மோவுக்கு. கொடுத்துவிட்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்து அழுவேன், அது என் பாடு.

தைமி


கௌஹயோகி, உன் கொட்டகையில்
15 மே 1994

அக்கா,

கையில் பத்து நிமிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை டட்சனின் ஓட்டுநர் இருக்கையில் வைக்கிறேன்.

பந்தயத்துக்கு வந்திருந்தேன். வேலி ஓரம், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். கடைசி வளைவில் நீ ஹெய்மோவை வெளிப்பக்கமாகச் சுற்றி முந்தியபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவரின் காபி கொட்டிவிட்டது. பதினோரு பேர் உன் காருக்குச் சீட்டுப் போட்டார்கள். பன்னிரண்டாவது நான். குலுக்கலில் என் பெயர்தான் வந்தது!

நீ கோப்பை வாங்கிக்கொண்டிருந்தபோதே வண்டியை இழுத்து வந்துவிட்டேன். நாளைக் காலை எங்களுக்குச் சோதனை ஓட்டம், விமானத்தைப் பிடிக்க வேண்டும். உன் கார் உன்னிடமே இருக்கட்டும். கோழிக்கூடு ஆகாது.

ஆர்வோ


கௌஹயோகி
22 மே 1994

ஆர்வோ,

ஒலிபெருக்கியில் உன் பெயர் கேட்டதும் மைதானம் முழுக்க உன்னைத் தேடி ஓடினேன், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே. வீட்டுக்கு வந்து கடிதத்தைப் படித்ததும் அந்தக் கோப்பையாலேயே உன் மண்டையில் போடத் தோன்றியது.

என்ன காரியம் செய்துவிட்டாய்! சொந்தக்காரனை விட்டு வாங்கிப் பதுக்குவதைத்தான் இங்கே எல்லாரும் காறித் துப்புவார்கள். மறுநாள் பங்க்கில் நான் காபி ஊற்றிக்கொள்ளும்போது எல்லாரும் வேறு மேஜைக்கு நகர்ந்துவிட்டார்கள். கடைசியில் ஹெய்மோதான் மெதுவாக, "தம்பி ரொம்ப நல்ல தம்பி" என்றான். அவன் கத்தியிருந்தால்கூட தேவலை. பதினோரு வருஷமாக நேர்மையாக ஓட்டி எடுத்த பெயர்டா. இரக்கப்படுகிறேன் என்று ஒரே மதியத்தில் தின்றுவிட்டாய்.

அன்று முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம்தான் ஒன்று உறைத்தது. சீட்டுப் போடப் பந்தய உரிமம் வேண்டுமே. பந்தய அலுவலகத்தில் கேட்டேன். அந்தப் பெண் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பியா? வருஷம் தவறாம ஜனவரியிலயே புதுப்பிச்சுடுவாரே" என்கிறாள். நீ இங்கிலாந்து போய்ப் பன்னிரண்டு வருஷம்! திரை பார்க்கிறவனுக்கு எதுக்குடா பந்தய உரிமம்? தகர டப்பா என்றாயே, ஜல்லிக் குழி என்றாயே! திருட்டுப் பயலே, உனக்கும் ஆசை விடவில்லை.

சரி, கேட்டுக்கொள். டட்சன் என்னுடையது இல்லை. குலுக்கலில் விழுந்தது உனக்கு. நான் அதில் கையும் வைக்க மாட்டேன், காலும் வைக்க மாட்டேன். ஜூன் 12 அடுத்த பந்தயம். நீயே வந்து ஓட்டு. ஊர் முன்னால் ஓட்டி, கடைசியில் எல்லார் மாதிரியும் அதை விலைக்கு நிறுத்து. வராவிட்டால் மறுநாள் காலை என் உரிமத்தை நானே கொண்டுபோய்ப் பந்தய அலுவலக மேஜையில் வைப்பேன். பதுக்கினவள் என்ற பெயரோடு ஒரு சுற்றுக்கூட ஓட்ட மாட்டேன்.

நான் வேறு ஒரு ஓட்டை டட்சனைப் பிடித்துவிட்டேன். பின்னாலேயே வருவேன்.

உன் அக்கா,
தைமி


பேன்பரி
30 மே 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு மேலாளரிடம் போய் நாலு நாள் விடுப்புக் கேட்டேன். "என்ன விசேஷம்?" என்றார். "பந்தயம்" என்றேன். "நீ பந்தயத்திலதானே வேல பாக்குற?" என்றார். விடுப்புப் படிவத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. ராத்திரி அதை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன், யாரிடமும் சொல்லிவிடாதே.

ஹெய்மோவிடம் போய்ச் சொல்: வண்டி வருகிறது, கோழிகளைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும். உனக்கும் ஒன்று சொல்கிறேன். நீ பின்னால் வருகிறாய் என்பதற்காக ஒரு அங்குலம்கூட வழிவிட மாட்டேன். முடிந்தால் முந்திப் பார். டட்சன் திரும்ப வேண்டுமென்றால் பந்தயம் முடிந்ததும் வரிசையில் நின்று, உன் பெயரை உன் கையால் எழுதிச் சீட்டுப் போடு.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் இறங்குவேன். சாசேஜ் வாங்கி வை.

உன் தம்பி,
ஆர்வோ