கை கொடுத்த ஆட்டம்

செவ்வாய், இரவு.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான செஸ் தேர்வில் நேற்று தோற்ற ஆட்டத்தை, இன்று தங்கை மாலாவோடு போனில் போட்டுப் பார்த்தேன். எதிரில் இருந்தவள் ஆடியது கிங்ஸ் கேம்பிட். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். நான் அந்த ஓப்பனிங்கைப் படித்ததே இல்லை; அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. கடைசியில் ராஜாவுக்கு வழியில்லை என்று நினைத்து, தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டேன்.

"இன்னாக்கா இது? குதிரைய வெச்சு செக் குடுத்திருந்தா அவ ராணியே போயிருக்கும். நீ ஜெயிச்சுகினு இருந்தே!" என்றாள் மாலா.

அடுத்த தேர்வுக்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

நேற்று பட்டாபிராம் ஸ்டேஷனில் காத்திருந்த அப்பா, "உடு கண்ணு, அவ உன்னவிட நல்லா ஆடிட்டா" என்று தேற்றினார். அவர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும். எனக்குத்தான் இனி அந்த ஆறுதலும் இல்லை.