பழைய இஞ்சினின் இருமல்

பஸ்ராவில் சண்டை லாரி ஓட்டும் மகனுக்கு, அப்பன் சொல்ல வாத்தியார் எழுதுவது.

நீ விட்டுப்போன லாரிக்குக் கொழும்பிலிருந்து வந்த வேற இஞ்சின் ஒன்றை மாட்டச் சொன்னார்கள். நல்ல இஞ்சின்தான். நான் பழசையே பிரித்துப் பிஸ்டன் மாற்றச் சொன்னேன். மேஸ்திரி மாசிலாமணி சிரித்தான்: "அண்ணாச்சி, இது இருமுத கிழவன்லா." நீ தெருமுனை திரும்பும்போது கேட்கும் அந்த இருமல்தான் எனக்கு வேணும்.

போன வாரம் வாசலில் முடுக்கினேன். அதே சத்தம். நீ வந்ததும் கொடுப்பாளே, அந்தச் செம்புத் தண்ணியோடு உங்கம்மை ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் தண்ணியை முருங்கைக்கு ஊற்றிவிட்டுப் பைய உள்ளே போனாள்.

இப்போதெல்லாம் மாடு கட்டி, உங்கம்மை காதுக்கு எட்டாத தூரம், கொக்கிரகுளம் தாண்டி இழுத்துப்போய்த்தான் லாரியை முடுக்குகிறேன். வாசலில் நீ வந்து முடுக்கு.

கைநாட்டு,
உன் அப்பன்