கார் இல்லாத வீட்டு ஈக்குவலைசர்

புரட்டாதி 11, சனி (1982)

நல்ல வெயில். சைக்கிளில் கிளிநொச்சிக்கு. வாங்க: மண்ணெண்ணெய், மகள் மலருக்குப் பள்ளிக்கூடக் கொப்பி, பாட்டுப் பெட்டியின் சத்தத்தைப் பிரித்துக் கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசர்.

ரேடியோக் கடைத் தம்பி கசெற்றை ஓடவிட்டான். பக்கத்தில் இருந்த ஈக்குவலைசரில் கீச்சுச் சத்தத்துக்கான கடைசிக் கட்டையை மேலே தள்ளி, கீழே இழுத்து, "வித்தியாசம் தெரியுதோ அண்ணை?" என்றான்.

"ஓம், நல்லாத் தெரியுது" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

"இன்னும் வயர் குடுக்கேல்லை அண்ணை."

கடையில் நின்ற எல்லாருக்கும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

பத்துக் கட்டை வைத்ததுதான் வடிவு. பச்சை, சிவப்பு வெளிச்சம் துள்ளும். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். அக்கராயனில் எங்கள் பக்கம் ஏது கரண்ட்? டிராக்டரின் பழைய பற்றரியில்தான் எங்கள் பாட்டு. ஆகவே காருக்குப் பூட்டுகிற ஐந்து கட்டைப் பெட்டி.

மனைவி பூமணி: "கார் இல்லாத வீட்டுக்குக் கார்ச் சாமான்."

13, திங்கள்

உழவு. புழுதி. நான் ஓட்டுகிற முதலாளியின் டிராக்டருக்குச் சைலன்சர் போய் எத்தனையோ வருசம். பின்னுக்கு எடுக்கும்போது நிறுத்தச் சொல்லி முதலாளி கத்தினாராம். எனக்குக் கேட்கவில்லை. வரம்பு உடைந்து போனது.

"காதுக்குள்ள பஞ்சோ? இன்னொருக்கா இப்பிடியெண்டா மெசினை வேற ஆளிட்டைக் குடுத்திடுவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் ஈக்குவலைசர் பூட்டியாயிற்று. கடைசிக் கட்டை பழுது! ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே சத்தம். உச்சியில் விட்டேன். பூமணி குசினிக்குள் இருந்து காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். காதுக்குள் ஊசி குத்துகிறதாம். இறக்கினேன். அவள் போனதும் ஏற்றினேன்.

15, புதன்

கட்டைச் சண்டை. நான் ஏற்ற, மலர் இறக்க, நான் ஏற்ற. நாய் வளவுக்கு வெளியே போய்ப் படுத்துவிட்டது. பழுதான கட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் ஏன் என்று கேட்டேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன பார்வையோ.

கழுத்தில் வேர்க்குரு. பவுடர் முடிந்தது.

18, சனி

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு. மலரும் கரியரில். தம்பி இந்த முறை வயரைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் தொடங்கினான். கட்டை நன்றாக இருக்கிறதாம். விற்றவன் வேறென்ன சொல்லுவான்? குரலை உயர்த்திவிட்டேன்.

மலர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கேக்குதப்பா. மேல போகேக்க பாட்டில சலங்கை வருது. கீழ வரேக்க இல்லை."

தம்பி துணி எடுத்துப் பெட்டியைத் துடைத்தான். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. போன சனிக்கிழமைச் சிரிப்பே பரவாயில்லை.

பெட்டியோடு திரும்பி வந்தோம். மண்ணெண்ணெய் மறந்துபோனது. அதற்கும் ஏச்சு.

19, ஞாயிறு

மப்பு. மழை இல்லை. நாளைக்கு முதலாளியின் மேல் வயல்.

மலர் தானே கட்டையை நடுவில் வைத்து அந்தச் சலங்கைப் பாட்டைப் போட்டாள். எனக்கு முன்னால் நிலத்தில் காலை நீட்டி இருந்தாள். பூமணி அகப்பையோடு குசினி வாசலில்.

"இப்ப சலங்கை கேக்குதோ அப்பா?"

"ஓம் பிள்ளை, வடிவாக் கேக்குது."

தொடையில் தாளமும் போட்டேன், பிசகாமல். மலருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பூமணி பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மலரின் கால் பெருவிரல் ஆடுவதைப் பார்த்துத்தான் தாளம் போட்டேன் என்று சொல்லவில்லை.