குழிக்குள் இருந்த சூடு

அடே பாய்லர்காரா, நேற்று ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். எச்சில் இலைகளை மக்க வைக்கும் தொட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. என்னை அறியாமல் முழங்கை வரை உள்ளே விட்டுவிட்டேன். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண், "என்ன தாத்தா, மோதிரம் கீதிரம் வுழுந்துருச்சா?" என்று பதறினாள். பழைய புத்தி என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நாம் ஒரே அரிசி ஆலையில் வேலை பார்த்தோம். நீ பாய்லருக்கு உமி தள்ளுகிறவன், நான் கிடங்குக்காரன். ஆட்சி மாறி, குத்தகை நிலம் யாருக்கு என்று ஊரெல்லாம் கொடி பிடித்த வருடங்கள். பதுக்கல் நெல்லுக்காக வண்டிகளை மறித்துச் சோதித்தார்கள். நீ சங்கத்தில் சேர்ந்த அன்றே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கய்யா" என்றார். நான் இரண்டு கண்ணையும் வைத்தேன்.

அதுவரை ஆலைச் சாம்பலை வாய்க்காலில்தான் கொட்டிக்கொண்டிருந்தோம். வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருந்த கடைமடைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "குழி வெட்ட எடங்குடுங்க மொதலாளி. சாம்பல், சாணி, வாய்க்கால்ல மண்டிக் கெடக்குற ஆகாயத்தாமரை எல்லாத்தையும் போட்டு மூடுனா எருவாயிடும்" என்று நீ கேட்டாய். வேலை முடிந்த பிறகு நீயே குழியில் இறங்கிக் கிடந்தாய். சும்மா ஒருவன் இவ்வளவு பாடுபடுவானா? ஓலை போட்டு ஏன் மூடுகிறான்? கிட்டே போனால் ஏன் விரட்டுகிறான்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் நீ வருமுன் குழிக்குள் கையை விட்டேன். சுட்டது. அந்தச் சூடு கிடங்குக்காரனுக்குத் தெரியும். ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே அப்படித்தான் கொதிக்கும். நெல்லைப் பதுக்கிவிட்டான் என்று முதலாளியிடம் ஓடினேன். மக்குகிற எருவும் சுடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

போலீஸ்காரர் நிற்க, ஆறு பேர் தோண்டினார்கள். ஒரு மூட்டை கிடைத்திருந்தாலும் உனக்கு ஜெயில்தான். அடிவரை கறுத்த எருவும் அரைகுறையாய் அழுகிய தண்டும்தான் வந்தன. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நீ, "நல்லதாப் போச்சுங்க. இந்த வாரம் பொரட்டிப் போடணும்னு இருந்தேன், ஆளு கெடைக்கல" என்றாய். போலீஸ்காரரே சிரித்துவிட்டார். நான் கிடங்குக்குள் நழுவினேன்.

யார் சொன்னது என்று நீ கேட்கவேயில்லை. முதலாளி உளறியிருப்பாரோ என்று மாதக்கணக்கில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரு பக்குவமானதும் முதல் வண்டி கடைமடைக்குப் போகும் என்றிருந்தோம். நீ என் குத்தகை வயலில் கொண்டுவந்து கொட்டினாய். "எனக்கு ஏன்டா?" என்றேன்.

"விடியக்காலையில வந்து தொட்டுப் பாத்தவன் நீ ஒருத்தன்தானே" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அப்புறம் எத்தனை வருடம் என் வீட்டில் சாப்பிட்டாய், என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தாய். மன்னித்துவிட்டாயா, அல்லது இவன் எப்போது வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாயா? நீ கண்ணை மூடிய பிறகும் அதையே துருவிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். என்றாலும், என் வாயால் நீ அதைக் கேட்கவில்லை.

நான்தானடா சொன்னேன்.