விட்டுப்போன வரி

அன்புள்ள கமாக்காரிக்கு,

மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை, கால், பேச்சு எல்லாம் தப்பின. படிப்பு மட்டும் போய்விட்டது. "எழுத வரும் சார், எழுதினதைப் படிக்க வராது. மூளையில ரெண்டுக்கும் வேற வேற வழி," என்றார் டாக்டர். ஆயுசு முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு இப்போது செய்தித்தாள் முழுக்க எறும்பு ஊர்கிறது.

வரும்போதெல்லாம் நம் மகள், "நான் படிச்சுக் காட்டறேம்பா" என்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். அச்சகத்தில் என் எதிரே உட்கார்ந்து, மூலப்பிரதியை கமா, புள்ளி உட்பட நீ உரக்கப் படிப்பாய். நான் அச்சுத்தாளில் சரிபார்ப்பேன். நீ படிக்கிற வரி என் தாளில் இல்லையென்றால் ஓரத்தில் எழுதிச் சேர்ப்பேன். அந்தப் பழக்கத்தில், நீ போன பிறகும் எதைப் படித்தாலும் உன் குரல்தான் கேட்டது. இப்போது அதுவும் இல்லை.

மற்றபடி சௌக்கியம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தனியாக இருப்பதும் பழகிவிட்டது.

எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் கைக்கு நினைவு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதுவரை எழுதியதன் மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தேன்.

வந்துவிட்டாய். ஒரு கமா விடாமல் படித்தாய். "பழகிவிட்டது, புள்ளி" என்றாய். அதோடு நிறுத்தவில்லை. நான் எழுதாத ஒரு வரியையும் அதே குரலில் படித்தாய்.

நீ படித்தால் அது மூலத்தில் இருந்திருக்க வேண்டும். ஓரத்தில் சேர்த்துவிட்டேன்: பயமாக இருக்கிறது.

சரிபார்த்தது,
உன் எதிர் நாற்காலி